நவமி முடிய எட்டு நாற்பது

குகனேஸ்வரி மகளின் வாயைப் பொத்திப் பிடித்தாள். பதினேழு வயதுப் பிள்ளையின் மூச்சு உள்ளங்கையில் சுட்டது. பிரசாந்தினி திமிறியதில் கட்டில் அசைந்து சுவரில் இடித்தது. கட்டிலில் குகனேஸ்வரியின் தகப்பன் அம்பலவாணர் வாய் சற்றே திறந்தபடி கிடந்தார். காலை ஆறு மணி ஐந்து நிமிடம். அவர் போய் ஐந்து நிமிடந்தான் ஆகியிருந்தது.

“கத்தாதை பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன். கீழ்வீட்டு அகஸ்ரீனாவுக்குக் கேட்டிடும்.”

கையை எடுத்த பிறகு பிரசாந்தினி கத்தவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று, “மம்மா, அம்மப்பா செத்துப்போனார்” என்றாள், தாய்க்குத் தெரியாத செய்தி ஒன்றைச் சொல்வதுபோல.

“தெரியும்.”

“தொத்தோரேக்குப் போன் அடிப்பம்.” டொக்டரை அவள் இத்தாலியனில்தான் சொல்லுவாள்.

“ஒன்பது மணி ஆகுமட்டும் ஒருத்தருக்கும் அடிக்கேலாது.”

மனிதர் ஐந்து மணிக்கே எழும்பி இருமினார். சுடுதண்ணீர் கேட்டார். குகனேஸ்வரி கொண்டுவந்து கொடுத்த தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, “சீனி போட மறந்திட்டாய்” என்றார். அவள் சீனிப் போத்தலோடு திரும்பி வருவதற்குள் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இதயம் பலவீனம் என்று இரண்டு வருஷமாகச் சொன்னார்கள். ஆனாலும் இன்றைக்கா? மற்ற எந்த நாளும் கிடைக்கவில்லையா?

சாவு வீட்டில் முதலில் எழும்பவேண்டியது அழுகை. குகனேஸ்வரிக்கு அது தெரியாததல்ல. தாய் செத்த அன்று வவுனியாவில் அவள் வைத்த குரலில் அடுத்த ஒழுங்கைச் சனமெல்லாம் படலைக்கு வந்தது. அந்தக் குரலை இப்போது தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பெற்ற தகப்பன் செத்துக் கிடக்க இதென்ன கல்நெஞ்சு என்று கேட்கிறவர்கள் முதலில் விதுரனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதுரன் அவளுடைய மூத்தவன். இரண்டாயிரத்து எட்டில் அவள் இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. அம்பலவாணர் வேலைசெய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் தயவில், அந்த வருஷத்து வேலை ஒதுக்கீட்டில் விசா கிடைத்தது. வயிற்றில் மூன்று மாதம் பிரசாந்தினி. போய்க் காலூன்றினால் ஒரு வருஷத்தில் புருசனையும் பிள்ளையையும் கூப்பிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தாள். அதற்குள் தன் தாய் தகப்பனைக் கூட்டிவருகிறேன் என்று சண்டை நடந்த வன்னிக்குள் போன புருசன் திரும்பி வரவில்லை.

பிள்ளையைக் கூப்பிடத் தகப்பனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தகப்பன் இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். காணாமல் போனவனுக்கு எங்கே போய் மரணச் சான்றிதழ் எடுப்பது? விதுரனை வளர்த்த மச்சாள், தன் தம்பியைச் செத்தவன் என்று எழுதமாட்டேன் என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினாள். அவளில் பிழை சொல்லவும் முடியாது. குகனேஸ்வரிக்கும் அந்த இடத்தில் கை எழும்பவில்லை. இழுபட்டு இழுபட்டு விதுரனுக்குப் பதினெட்டு முடிந்தது. பதினெட்டு முடிந்தவனை இந்த நாடு பிள்ளையென்று கூப்பிட விடாது.

பிறகு வேலை விசாதான் மிச்சம். அதற்கு வருஷத்தில் ஒரு நாள் வைப்பார்கள். கிளிக் டே என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் கொம்பியூட்டரில் அமத்தவேண்டும். கண் மூடித் திறக்குமுன் ஒதுக்கீடு முடிந்துவிடும். மூன்று வருஷம், மூன்று முறை அமத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் சட்டத்தை மாற்றினார்கள். எண்பது வயது தாண்டியவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள, ஒதுக்கீட்டுக்கு வெளியே, ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடலாம்.

அம்பலவாணருக்கு எண்பத்திரண்டு. “வயசு போனதுக்கும் ஒரு பிரயோசனம் இருக்கு, பாத்தியே” என்றார். பேரனென்றாலும் பரவாயில்லை, நீங்களே முதலாளியாகக் கூப்பிடலாம் என்று, வெளிநாட்டவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் உதவி அலுவலகத்தில் சொன்னபோது மீசையைத் தடவிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் மற்றவர்களின் வீட்டு நிலத்தைத் துடைத்தவர் அவர். பத்திரத்தில் முதலாளி என்ற இடத்துக்கு நேரே தன் பெயரைக் கண்ட அன்று ஒரு நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரேத்தோ வீதியில் மேலும் கீழும் நடந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து பேத்திக்கு அவர் ‘பத்ரோனே’, முதலாளி. “பத்ரோனே, தேத்தண்ணி வேணுமோ?” என்பாள். “சம்பளத்தை வெட்டிப்போடுவன்” என்பார் கிழவர்.

அனுமதி வந்தது. விதுரன் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கி, கடவுச்சீட்டைத் தூதரகத்தில் கொடுத்தான். இனி ஒரு முடிச்சுத்தான். புதிய சட்டப்படி, விசா குத்துவதற்கு முன், இந்த ஆள் எனக்கு இன்னமும் வேண்டும் என்று முதலாளி ஏழு நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும்.

உதவி அலுவலகத்துச் சாந்தன் சனிக்கிழமை காலையில் போன் எடுத்தான். “ஐயா, அறிவித்தல் வந்திட்டுது. உங்கடை போனுக்கு ஒரு கோட் நம்பர் வரும். அதைச் சொன்னியள் எண்டா நான் இப்பவே அமத்திவிடுறன்.”

“பொறு தம்பி” என்று அம்பலவாணர் பஞ்சாங்கத்தை எடுத்தார். யாழ்ப்பாணத்து நேரத்தில் மூன்றரை மணித்தியாலத்தைக் கழித்து விரல்மடித்துப் பார்த்தார். “இண்டைக்கு அட்டமி. நாளைக்கு நவமி. திங்கக்கிழமை எட்டு நாப்பதோடை நவமி முடியுது. ராகு காலமும் ஒன்பதோடை போயிடும். ஒன்பதுக்கு அமத்து.”

சாந்தன் சிரித்தான். “கொம்பியூட்டருக்கு அட்டமி நவமி தெரியாது ஐயா. அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

கடைசிக் கிளிக் டே ஒரு நவமியில் வந்தது குகனேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. “ஏழு நாள் இருக்குத்தானே சாந்தன்” என்றாள். “ரெண்டு நாளிலை என்ன வந்திடப்போகுது?”

அதைச் சொன்ன வாயை இப்போது அறையவேண்டும் போலிருந்தது அவளுக்கு. வெண்ணெய் திரளத் தாழி உடைந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். திரட்டியவள் தாழியை உடைத்தும் வைத்தாள் என்றால் அதற்கு என்ன கதை சொல்வது?

தகப்பனின் கண்களை மூடிவிட்டாள். கால்களை நேராக்கினாள். வாயைக் கட்டவேண்டும். மூச்சு நின்ற கையோடு கட்டவேண்டும், பிந்தினால் இறுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளை வேட்டியில் ஒரு கரையைக் கிழித்து நாடிக்குக் கீழே கொடுத்து, உச்சிக்குக் கொண்டுபோனாள். முடிச்சுப் போடும்போது கை நின்றுவிட்டது. துணியின் தடம் கன்னத்தில் பதியும். டொக்டர் கண்டுபிடிப்பார். இடையில் யாரும் எட்டிப் பார்த்தால்? அதுவும் ஒரு பக்கம். கட்டிவிட்டால் அவர் செத்தவர். சாந்தனின் அலுவலகம் திறக்கும் ஒன்பது மணி வரைக்கும் அவர் உயிரோடு இருக்கவேண்டும்.

துணியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

பிரசாந்தினி கட்டில் காலடியில் குந்தியிருந்தாள். முகத்தைத் துடைக்கவும் இல்லை.

“உது பிழை மம்மா. ரெயாத்தோ, குற்றம். பிடிச்சா பொலிசு.”

“தெரியும்.”

“அண்ணையை எனக்குத் தெரியாது. போனிலை மட்டும் கண்டிருக்கிறன். அம்மப்பாவைத்தான் தெரியும். என்னைப் புத்தகப் பையோடை ஸ்குவோலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர். நீங்கள் வேலையிலை நிக்கேக்கை எனக்குச் சோறு தீத்தினது அவர். அவருக்கு அழக்கூட விடமாட்டன் எண்டுறியள்.” பிறகு, “நான் ஒருத்தி காணாதே உங்களுக்கு?” என்றாள்.

குகனேஸ்வரி எழும்பிக் குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். யாருக்குத் தேநீர் என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீர் கொதித்து, விசிலடித்து, பாதி வற்றும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

ஏழரைக்குக் கீழ் பல்கனியிலிருந்து அகஸ்ரீனாவின் குரல் வந்தது. “தொன் அம்பலா!” தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். அம்பலவாணர் மேலேயிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். அவள் பாண் வைத்து அனுப்புவாள். அவர் சட்டியில் நின்ற பச்சைமிளகாயில் இரண்டு பிடுங்கி இறக்குவார். பதினைந்து வருஷத்துப் பழக்கம். அவள் இரண்டாம் முறை கூப்பிட்டாள். பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டினாள். பிரசாந்தினி எழும்பிப் போனாள். ‘எல்லாம் முடிஞ்சுது, இப்ப சொல்லப்போறாள்’ என்று குகனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. இருமல் கேட்டதே, எப்படி இருக்கிறார் என்று அகஸ்ரீனா தன் பாஷையில் விசாரித்தாள்.

“நித்திரை” என்று பிரசாந்தினி இத்தாலியனில் சொன்னாள். “இப்பதான் படுத்தவர்.”

பாணை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து தாயைப் பார்க்காமல் பாணை மேசையில் வைத்தாள். பாண் இன்னும் சூடாக இருந்தது.

தெருவில் பஸ் போனது. துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலோ எதுவோ ஊதிற்று. அம்பலவாணரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த குகனேஸ்வரி, அது குளிர்ந்துகொண்டு போவதை விரல் விரலாக அறிந்தாள். அவர் பஞ்சாங்கம் தலைமாட்டில் விரித்தபடி கிடந்தது. திங்கட்கிழமைக்கு நேரே பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: ‘9.00 விதுரன்.’ எட்டு நாற்பதுக்கு நவமி முடிந்தது. அம்பலவாணருக்கு அது தேவைப்படவில்லை. அவர் நவமியிலேயே போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் பிந்திச் சாந்தன் எடுத்தான். அம்பலவாணரின் போனுக்குத்தான் எடுத்தான்.

“வணக்கம் ஐயா. நல்ல நேரம் துடங்கீட்டுதோ?”

“நான் அக்கா கதைக்கிறன் சாந்தன்.”

“ஓ அக்கா. கோட் அனுப்பிறன். அதுக்கு முதல் ஐயாட்டை ஒருக்காக் குடுங்கோ. வாயாலை ஓம் எண்டு சொல்லோணும். இப்ப மேலிடத்திலை கேக்கினம்.”

குகனேஸ்வரி கட்டிலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, போனைத் தகப்பனின் வாயருகே கொண்டுபோனாள்.

“அப்பா, சாந்தன் கதைக்கிறான். ஓம் எண்டு சொல்லுங்கோ.”

சாந்தன் காத்திருந்தான். அவனுடைய அலுவலகத்தில் யாரோ கதிரையை இழுத்தார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய மௌனத்தை ஒரு போன் தாங்குமா என்று இருந்தது. கடைசியில் அவளால் பொறுக்கமுடியாமல் போனைத் தன் காதுக்கு எடுத்தாள்.

“தொண்டை அடைச்சுக் கிடக்கு” என்றாள். “ராமுழுக்க இருமல்.”

மறுமுனையில் சாந்தனின் மூச்சு மட்டும் கேட்டது. அவனும் வவுனியாக்காரன், அவளுடைய குரலைப் பத்து வருஷமாக அறிந்தவன்.

“கோட்டைச் சொல்லுங்கோ அக்கா” என்றான் பிறகு. சிரிப்பெல்லாம் அந்தக் குரலில் இருந்து போயிருந்தது. “கெதியாய்ச் சொல்லுங்கோ.”

பிரசாந்தினி போனை வாங்கி ஆறு இலக்கத்தையும் இத்தாலியனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்கு உறுதிப்படுத்தப்பட்டது என்று செய்தி வந்தது. அடுத்த நிமிடமே விதுரனின் குரல்செய்தி குகனேஸ்வரியின் போனில் விழுந்தது. “அம்மா, எனக்கும் உறுதிச் செய்தி வந்திட்டுது. அம்மப்பாட்டைச் சொல்லுங்கோ, வந்தவுடனை அவரை முழுகவாத்து ஊர் சுத்திக் காட்டுறது நான்தான்.” அதற்குமேல் அவனால் பேசமுடியவில்லை, சிரித்தான்.

“இனி அழலாம் பிள்ளை” என்றாள் குகனேஸ்வரி.

பிரசாந்தினி அழவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு முன் வந்த அழுகை எங்கேயோ போய்விட்டது. குகனேஸ்வரி தலையணைக்குக் கீழிருந்து துணியை எடுத்து, தகப்பனின் நாடிக்குக் கீழே கொடுத்து இழுத்துக் கட்டினாள். வாய் மூடவில்லை. அவிழ்த்து, நாடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டினாள். கையை எடுத்ததும் துணி வழுக்கியது. வாய் பழையபடி திறந்துகொண்டது. சவரம் செய்யாமல் வாசல் தாண்டாத மனிதர். கொட்டாவி விட்டால்கூடக் கையால் மறைப்பார்.

“மூடுங்கோ அப்பா” என்றாள். “நான் அப்பவே கட்டியிருக்கோணும். மூடுங்கோ. என்ரை அப்பா எல்லே.” நாலாம் முறையும் துணி வழுக்கியபோது பூட்டிவைத்த குரல் வெடித்து வெளியே வந்தது. “ஐயோ, என்ரை அப்பாவை நான் என்ன செய்துபோட்டன்” என்று மார்பில் அடித்தாள். அந்தக் குரலுக்கு அகஸ்ரீனா வெறுங்காலோடு படியேறி ஓடிவந்தாள்.

டொக்டர் லொரென்சோ பத்தரைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷமாக அம்பலவாணரின் நாடி பிடித்தவர். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். கையைத் தூக்கிப் பார்த்தார். விறைத்த தாடையைத் தொட்டார். தோளைக் கொஞ்சம் புரட்டி முதுகைப் பார்த்தபோது அங்கே, செத்துச் சில மணித்தியாலம் ஆன உடம்புபோல, தோல் ஊதா நிறமாகியிருந்தது.

“எத்தனை மணிக்கு, சிஞ்ஞோரா?”

“ஒன்பதரை.”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “சிஞ்ஞோரா” என்றார் மெதுவாக, “எத்தனை மணிக்கு?”

“ஒன்பதரை தொத்தோரே.”

டொக்டர் மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார். குகனேஸ்வரி கிட்டப் போய் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள். “என் மகன்” என்றாள். “தொத்தோரே, என் மகன்.” அவளுக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் அந்த இரண்டு சொல்லில் நின்றுவிட்டது. இந்த வீட்டில் ஒரு மகள் இருப்பதுதான் டொக்டருக்குத் தெரியும். அவர் பேனையை ஒருகணம் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதி முடித்தார்.

“கண்டதைத்தான் நான் எழுதலாம்” என்று பிரசாந்தினியிடம் சொன்னார். “மன்னித்துக்கொள்ளுங்கள்.” அவளுடைய தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பிரசாந்தினி தாளை வாசித்தாள்.

“என்ன எழுதியிருக்கு?”

“ஆறு மணியளவிலை எண்டு.”

ஆறு மணிக்குச் செத்தவர் ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்கு எனக்கு ஆள் வேண்டும் என்று உறுதிப்படுத்தியிருக்கிறார். இரண்டும் ஒரே அரசாங்கத்துக்குப் போகிற கடதாசிகள். நாளைக்கோ அடுத்த கிழமையோ, ஏதோ ஒரு மேசையில் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அன்றைக்கு ஒரு மரணச் சான்றிதழ் இல்லாததால் வரமுடியாத பிள்ளை, இன்றைக்கு ஒரு மரணச் சான்றிதழ் வந்ததால் வரமாட்டான். குகனேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டாள். பிரசாந்தினி தாளை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூடினாள்.

பதினொரு மணிக்கு விதுரன் படம் தெரியும்படி அழைத்தான். எப்படிச் சொன்னாள் என்று குகனேஸ்வரிக்கு ஞாபகமில்லை, சொல்லிவிட்டாள். லொட்ஜ் அறையின் நீலச் சுவருக்கு முன்னால் இருபத்துநாலு வயது மகன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“எப்ப அம்மா?”

பிரசாந்தினி தாயைப் பார்த்தாள்.

“ஒன்பதரைக்கு” என்றாள் குகனேஸ்வரி.

“அப்ப அமத்திப்போட்டுத்தானே போயிருக்கிறார்.” அவன் கண்ணைத் துடைத்தான். “எனக்காகத்தான் மனிசன் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கு.”

“ஓம்.”

“தசமியிலை போனது நல்லது, என்னம்மா?”

“ஓம் ராசா.”

“முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ. வந்து பாக்கத்தான் குடுத்துவைக்கேல்லை.”

குகனேஸ்வரி போனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தகப்பனின் வாய் திறந்தபடி கிடந்தது. துணி மறுபடி கழுத்துக்கு நழுவியிருந்தது. இதை அவனுக்கு எப்படிக் காட்டுவது? கண்டால் என்னவென்று கேட்பான். கேட்டால் அவளால் இனி ஒரு பொய்யும் சொல்லமுடியாது.

“அம்மா? லைன் நிக்குதோ?”

பிரசாந்தினி எழும்பினாள். வெள்ளை விரிப்பை அம்பலவாணரின் நாடி வரைக்கும் இழுத்துவிட்டாள். கட்டிலின் சுவர்ப்பக்கத்து இடுக்கில் முழந்தாளிட்டு, விரிப்புக்குக் கீழால் கையை விட்டு, அம்மப்பாவின் நாடியை உள்ளங்கையால் அழுத்தித் தூக்கினாள். உதடுகள் மெல்ல வந்து சேர்ந்தன. தலையைத் தாழ்த்திக்கொண்டு தாயைப் பார்த்து, காட்டுங்கோ என்று கண்ணால் சொன்னாள்.

குகனேஸ்வரி போனைத் திருப்பினாள்.

விதுரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “சிரிச்ச முகமாய்க் கிடக்கிறார்” என்றான். “கொஞ்ச நேரம் அப்பிடியே பிடியுங்கோ அம்மா.”

“ஓம்.”

விரிப்புக்குக் கீழே பிரசாந்தினியின் கை நடுங்கத் தொடங்கியது. அவள் மற்றக் கையையும் உள்ளே விட்டுத் தாங்கிக்கொண்டாள்.